அரைஞாணில் ஒரு சாவி

என் இடுப்பில் அரைஞாண் கயிற்றோடு ஒரு சாவி தொங்குகிறது. பித்தளைச் சாவி, சுண்டுவிரல் நீளம், பல்லெல்லாம் தேய்ந்துவிட்டது. அது திறக்க வேண்டிய பூட்டு என்றைக்கோ பழைய இரும்போடு இரும்பாகப் போய்விட்டது. போன மாதம் வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது, படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்த டாக்டர் சாவியைத் தூக்கிப் பார்த்து, "என்ன சார், சொத்து நெறைய இருக்கோ?" என்றார். "ஒரு கடல் இருந்துச்சு டாக்டர். பூட்டி வச்சிருந்தோம்" என்றேன். நர்ஸ் சிரித்தாள். பக்கத்தில் நின்ற என் மனைவி சிரிக்கவில்லை. அந்தக் கடல் அவளுடைய அப்பாவுடையது.

என் மாமனார் தூத்துக்குடியில் தண்டலாக இருந்தவர். பாய்மரத் தோணியைக் கொழும்புக்கு ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவருகிற தலைவனுக்கு அங்கே அந்தப் பெயர். எத்தனையோ காற்றையும் மழையையும் தாண்டி வந்த மனிதரை, கரையில் கட்டிக் கிடந்த தோணியில் வைத்து, கயிறு அறுந்து விழுந்த ஒரு குறுக்குமரம் இடுப்பை முறித்துவிட்டது. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் அவருடையது இல்லை என்றாகிவிட்டது. "புயல்ல போயிருந்தா ஒரு பேராவது மிஞ்சியிருக்கும். நிக்கித தோணியில விழுந்தேன் பாரும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் சேர்ந்து சிரித்தவனைப் பிறகு ஒரு வாரத்துக்குக் கிழித்துத் தொங்கவிடுவார். மாமியார் திண்டுக்கல்காரர், அவர் போய்ச் சேர்ந்ததும், ஒரே பெண்ணான என் மனைவி இருந்த திண்டுக்கல்லுக்கே மாமாவும் வந்து சேர்ந்தார். ஒரு உப்பு லாரியின் பின்னால், மூட்டைகளுக்கு நடுவில் கயிற்றுக்கட்டிலில் படுத்துக்கொண்டு, அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மத்தியான வெயிலில் வந்து இறங்கினார். இறக்கியவர்கள் உப்பையும் அவரையும் ஒரே மாதிரிதான் இறக்கினார்கள்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை என்றால் மாமனார் குரலை ஒரு படி இறக்கித்தான் பேசுவார். மாப்பிள்ளை உட்கார்ந்த பிறகு உட்காருவார், எழுந்தால் எழுவார். என் மாமாவுக்கு எழுவதும் உட்காருவதும் இல்லாமல் போனதால் அந்த மரியாதை முழுவதும் நாக்கில் ஏறிக்கொண்டது. என்னை 'நீரு', 'உமக்கு' என்றுதான் அழைப்பார், மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் எனக்கு அவர் வைத்த பெயர் மூட்டை. நான் அப்போதே கொஞ்சம் பருமன். அண்ணனின் பூட்டுப் பட்டறையில் நாள் முழுக்க உட்கார்ந்து அரம் போடுகிறவனுக்கு வயிறு வருவதில் என் தவறு ஏதுமில்லை. "தோணியில கனம் பத்தலன்னா மணல்மூட்டை ஏத்துவோம். அதுக்குச் சோறு போட வேண்டியதில்ல" என்பார், நான் இரண்டாம் முறை குழம்பு ஊற்றிக்கொள்ளும்போது. நானும் சும்மா இருக்கவில்லை. பட்டறையில் அவரை மாதிரியே கையை ஊன்றி இழுத்து இழுத்து நகர்ந்து காட்டுவேன். அரம் பிடித்த கைகளெல்லாம் நின்றுவிடும், அப்படிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புச் சத்தம் பட்டறையை ஒட்டி இருந்த எங்கள் வீட்டுக்கு நன்றாகக் கேட்கும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வீட்டில் அவரைச் சாமான் மாதிரித்தான் நகர்த்தினோம். காலையில் வாசல், வெயில் ஏறினால் உள்ளே, சாயங்காலம் மறுபடி வாசல். எப்போது எங்கே என்பதை என் மனைவிதான் முடிவு செய்வாள். அப்பா என்றால் அவளுக்கு உயிர். அந்த உயிரை வைத்த இடத்தில் அது அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். "செத்த நேரம் சும்மா கெடங்கப்பா" என்பதுதான் ஒரு நாளில் அவர் அதிகம் கேட்ட வாக்கியம். தெருவில் போகிறவர்கள் ஆளுக்கொரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போவார்கள். "என்ன தண்டலு, கப்பல் எங்க நிக்கிது?" அவர் பதிலுக்கு அவரவர் வீட்டுச் சங்கதியை எடுத்து வீசுவார். தெருவுக்கே அது பொழுதுபோக்கு.

அவர் வந்து சில வருடம் கழித்து, ஒரு ஐப்பசியில் மழை பிடித்தது பிடித்ததுதான். சிறுமலைப் பக்கத்திலிருந்து தண்ணீர் இறங்கி, ஊருக்கு வெளியே இருந்த குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தது. அது நிறைந்து பார்த்தவர்கள் ஊரில் கொஞ்சம் பேர்தான். கரையில் திருவிழாக் கூட்டம். மாமா மூக்கை உயர்த்திக் காற்றைப் பிடித்தார். "ஓய் மாப்ள, தண்ணி வாசம் வருது. என்னயக் கொண்டு காட்டும்" என்றார். கேட்டு வாங்கிய ஒரு தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். கரைமேல் ஏற்றி நிறுத்தினேன். அக்கரையில் கருவேல மரங்கள் பாதி முழுகி நின்றன. நடுவில் வெறும் தண்ணீர், அதன்மேல் காற்று கோடு போட்டுக்கொண்டே வந்தது. பொழுது சாய்கிற வரைக்கும் பார்த்தார். திரும்பும்போது, அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே கேலியில்லாத வார்த்தை வந்தது. "தண்ணிக்கு மேல எவனுக்கும் காலு கெடையாது மாப்ள. அங்க எல்லாரும் என்ன மாதிரிதான்." பிறகு சொன்னார்: "ஒரு தடவ. இங்கேருந்து அந்த மரம் வரைக்கும், அங்கேருந்து இங்க. எவன் கையும் படாம. அது போதும்."

அந்த ஒரு தடவைக்காக அவர் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. சாப்பிட மாட்டேன் என்றார். என் மனைவி ஊட்டினால் துப்பினார். கடைசியில் அவளே, "தொலையட்டும், ஒரு தடவ போயிட்டு வரட்டும்" என்றாள். அதே உப்பு லாரிக்காரர் மூலம் தூத்துக்குடியிலிருந்து ஒரு பழைய வத்தை, அதாவது இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன மரப்படகு, லாரியின் தலையில் கவிழ்ந்தபடி வந்து சேர்ந்தது. எங்கள் தெருவில் அதற்கு முன்னால் யாரும் படகைத் தொட்டுப் பார்த்ததில்லை. ஒரு கிழவி விழுந்து கும்பிட்டாள். மூங்கிலில் பாய்மரம், லாரித் தார்ப்பாயை வெட்டிப் பாய், கிணற்றுக் கப்பிகள் இரண்டு. பாயின் கீழ்மூலையைப் பிடித்து இழுக்கிற கயிறுதான் எல்லாம் என்பார் மாமா. அதற்குத் தாமான் என்று பெயர். அந்தக் கயிறு கப்பி வழியாகச் சுற்றி அவர் வலது கைக்கு வந்தது. சுக்கானின் பிடியை நீட்டி இடது கைக்குக் கொண்டுவந்தோம். உட்கார்ந்த இடத்திலிருந்தே காற்றையும் திசையையும் பிடிக்கலாம். படகு வேலை செய்தவர்கள் அத்தனை பேரும் பூட்டுப் பட்டறை ஆட்கள். மாமா வாசலில் கிடந்தபடி ஒவ்வொருவனையும் பெயர் சொல்லித் திட்டினார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

சிக்கல் உட்காருகிற இடத்தில் வந்தது. பாய்மரப் படகில் போகிறவன் ஒரே இடத்தில் உட்கார முடியாது. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்க விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்து தன் கனத்தால் படகை நிமிர்த்த வேண்டும். திரும்பி வரும்போது காற்று மறுபக்கம் வரும். ஆளும் மறுபக்கம் போக வேண்டும். கால் உள்ளவனுக்கு இது ஒரு தாவல். மாமாவுக்காகப் படகின் குறுக்கே இரண்டு இரும்புப் பட்டைகள் பதித்து, அவற்றின்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும் ஒரு பலகையைப் போட்டோம். முதுகுக்கு ஒரு சாய்வு, இடுப்பைச் சுற்ற, தோல் பதனிடும் ஷெட்டில் கேட்டு வாங்கிய ஒரு வார். கையால் பட்டையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் பலகை அவரோடு அந்தக் கோடிக்குப் போகும். போன இடத்தில் நிற்கத்தான் ஏதாவது வேண்டும். மாமா ஒரு மர ஆப்புக் கேட்டார். கயிற்றில் கட்டிய ஆப்பு. செருகினால் நிற்கும், பிடுங்கினால் நகரும்.

"ஆப்பா?" என்றார் என் அண்ணன். அவருடைய பூட்டுகள் வத்தலக்குண்டு, பழனி வரைக்கும் கடைகளில் தொங்கின. "மாமா, நாங்க பூட்டுக்காரங்க. எங்க வீட்டுப் படகுல ஆப்பு வச்சோம்னு தெரிஞ்சா ஊரு காறித் துப்பும்." ஒரு பூட்டைச் செய்து பலகையின் அடியில் பொருத்தினார். பலகை எந்தக் கோடிக்குப் போனாலும் 'டக்' என்று தானாகப் பூட்டிக்கொள்ளும். சாவியை அரைச்சுற்றுச் சுற்றினால் பலகை நகரும். முழுச்சுற்றுச் சுற்றினால் இடுப்பு வாரும் கழன்றுவிடும். ஒரே பூட்டு, இரண்டு வேலை. பட்டறையே எழுந்து நின்று பார்த்தது. மாமா அதை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "சாவி இல்லாம தொறக்காதோ?" என்றார். அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "சாவி இல்லாம தொறந்தா அதுக்குப் பேரு பூட்டா மாமா? அது கக்கூஸ் கதவுக் கொண்டி." தலைமுறையாக எங்கள் கைகளுக்குத் தெரிந்த நியாயம் அது ஒன்றுதான்: பூட்டுவது யாராலும் முடிய வேண்டும், திறப்பது முடியக் கூடாது. அந்த நியாயத்தைத் தண்ணீருக்கு மேலும் கொண்டுபோகலாமா என்று எங்கள் தெருவில் ஒரு ஆளுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"சரி, சாவிய என் கையில கட்டிவிடும்" என்றார் மாமா. அதற்கு என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு எதிரிலேயே சொன்னாள். "இவரு கையில சாவியக் குடுத்தா நடுவுல போயி வாரக் கழட்டிட்டு உருண்டு விழுந்துருவாரு. எனக்குத் தெரியும் எங்கப்பாவ. சாவுறதுக்குத்தான் தண்ணி கேக்காரு." மாமா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. சாவியை எடுத்து என் வேட்டியை விலக்கி, அரைஞாண் கயிற்றில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினாள். சாவி என் இடுப்பில் இருந்தால் நானும் படகில் இருக்க வேண்டும் அல்லவா? இந்த இரண்டாவது சங்கதி என் மண்டைக்குள் இறங்கச் சற்று நேரமானது. எவன் கையும் படாமல் போக வேண்டும் என்று கேட்டவருக்கு, சாவியும் கையுமாக ஒரு காவல்காரன் அமைந்தான். அந்தக் காவல்காரன் கிணற்றை எட்டிப் பார்த்தாலே கண்ணை மூடுகிறவன். "பரவாயில்ல, மூட்டை ஒண்ணு வேணும்தான்" என்றார் மாமா. "சொன்ன பக்கம் உருளுமா?"

புறப்பட்ட நாள் காலையில் நான் கொல்லைப்புறத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். கோயிலுக்குப் போய் மாதாவுக்கு மெழுகுவர்த்தி கொளுத்தினேன். திரும்பி வருகிற வழியில் இன்னொன்றும் கொளுத்தலாமா என்று யோசித்து மறுபடி போனேன். நீச்சல் பழகுகிற பிள்ளைகள் முதுகில் கட்டிக்கொள்ளும் காய்ந்த சுரைக்குடுக்கைகள் இரண்டைத் தேடிப் பிடித்தேன். முதுகில் கட்டினால் முகம் தண்ணீருக்குள் போகுமே என்று ஒரு பயம் வந்ததால், வயிற்றுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்றாக, இடுப்பைச் சுற்றி, தேங்காய் நாரில் திரித்த கொச்சைக்கயிற்றால் வரிந்து கட்டிக்கொண்டேன். என்னைப் பார்த்ததும் கரையிலிருந்த கூட்டம் மாமாவை மறந்துவிட்டது. "ஏலே அப்பு, எத்தன மாசம்?" என்று ஒருவன் கேட்டான். நானும் வயிற்றைத் தடவி, "இன்னக்கே வலி எடுத்துருச்சுப்பா" என்றேன். அப்படிச் சொல்லிக்கொண்டே குடுக்கைக் கயிற்றை இன்னொரு சுற்று இறுக்கிக்கொண்டேன். அந்தக் கயிற்றுக்கும் குடுக்கைக்கும் அடியில்தான் சாவி இருக்கிறது என்பதை நானும் நினைக்கவில்லை, அதைக் கட்டிவிட்ட என் மனைவியும் நினைக்கவில்லை.

மாமாவைப் பலகையில் உட்காரவைத்து வாரைப் பூட்டினோம். காற்று வரும் பக்கத்துக்குப் பலகையை இழுத்தார். டக். நான் பாய்மரத்தின் அடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படகின் தரையில் உட்கார்ந்தேன், அதாவது படுத்தேன். யாரோ தள்ளிவிட்டார்கள். தாமான் கயிற்றை மாமா இழுத்ததும் அந்தத் தார்ப்பாய் ஒரு அதட்டுப் போட்டுப் புடைத்தது. பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? எங்கள் தெருவில் சாமான் மாதிரிக் கிடந்த உடம்பு அதுதானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கழுத்து நிமிர்ந்திருந்தது. ஒரு கை கயிற்றை அங்குலம் அங்குலமாக விட்டது, பிடித்தது. இன்னொரு கை சுக்கானைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தது. படகு ஒருக்களித்து ஓடும்போது அவர் மார்பைப் பின்னுக்குச் சாய்த்தார், படகு நிமிர்ந்தது. ஏதோ முனகினார். பாட்டா, வசவா தெரியவில்லை. கரையில் கூச்சல் அடங்கிவிட்டது. பூட்டுக்காரர்கள், சுருட்டுச் சுற்றுகிறவர்கள், சந்தைக்குப் போக வந்து நின்றவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். நான் அதையெல்லாம் பார்த்தேன் என்று சொல்வது பொய். ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தேன்.

கருவேல மரங்கள் கிட்டே வந்தன. கிட்டே என்றால் முள் எண்ணுகிற தூரம். "மாப்ள, சாவி" என்றார். சாதாரணமாக, வெற்றிலை கேட்கிற மாதிரி. நான் இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனேன். குடுக்கைதான் கிடைத்தது. கயிற்றுக்குள் விரலை நுழைத்தேன், நுழையவில்லை. பாய்மரத்தை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முயன்றிருந்தால் கிடைத்திருக்கலாம். ஆனால் பாய்மரத்தை விட என் கை சம்மதிக்க வேண்டுமே! "ஓய், சாவி!" மரம் முகத்துக்கு நேரே வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அவர் சுக்கானைத் திருப்பினார். பாய் தலைக்கு மேலே மறுபக்கம் வீசிப் போயிற்று. காற்று இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தது. மாமா பூட்டிக் கிடந்த பக்கம் சரிந்தது. பட்டையைப் பிடித்து இழுத்தார். அண்ணன் செய்த பூட்டு, அசையுமா? அவர் இடுப்பு தண்ணீருக்கு ஒரு சாண் மேலே இருந்தது, பிறகு தண்ணீரிலேயே இருந்தது. "அந்தப் பக்கம் உருளும் வே!" என்று கத்தினார். மூட்டை உருண்டது. சரியான நேரத்தில், தப்பான பக்கம். நேராக அவர் மடியில் போய் விழுந்தேன்.

அப்போது அவர் முகத்தை மிகக் கிட்டத்தில் பார்த்தேன். பயம் இல்லை. என்னைத் தூக்கி எறியலாமா என்று ஒரு கணம் யோசித்தார் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். பிறகு வலது கையைத் திறந்து தாமான் கயிற்றை விட்டுவிட்டார். அவ்வளவுதான். பாய் காற்றை இழந்து துணி மாதிரிப் படபடத்தது. படகு பாதித் தண்ணீரோடு மெல்ல நிமிர்ந்து நின்றது. கயிறு கப்பியை விட்டுக் கழன்று தண்ணீரில் போய்விட்டது. எங்கள் இரண்டு உயிரும் பிழைத்தன. அவருடைய பயணம் முடிந்தது. இதெல்லாம் அப்போது எனக்கு எங்கே தெரிந்தது? நான் ஊரே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தேன். "ஐயோ முங்குறேன்! மாதாவே! யாராச்சும் வாங்களேன், முங்குறேன்!"

வந்தார். மரங்களுக்குப் பின்னாலிருந்து, எருமை மேய்க்கிற ஒரு ஆள், வாயில் புகைகிற சுருட்டோடு வந்தார். நீந்தி வரவில்லை, நடந்து வந்தார். தண்ணீர் அவர் அரைஞாண் கயிறு வரைக்கும் இருந்தது. சுருட்டை எடுக்காமலே, "எதுக்கு இம்புட்டுக் கத்துறீக? எருமையெல்லாம் மெரளுது" என்றார். "எந்திரிச்சு நில்லுங்க அப்பு, இடுப்புக்கு மேல வராது."

மாமா அந்த ஆளின் இடுப்பைப் பார்த்தார். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். "நடுவுல எம்புட்டு ஆழம் இருக்கும்?" என்று கேட்டார். அவர் யாரிடமும் அவ்வளவு பணிவாகக் கேட்டு நான் கேட்டதில்லை.

"நடுவா? அங்கயும் இம்புட்டுத்தேன். மதகு கிட்ட வேணா கழுத்தளவு வரும். மத்ததெல்லாம் வண்டல் மூடிப் போச்சுல்ல. நேத்துக்கூட எருமைகள இங்கனதேன் குளுப்பாட்டுனேன்."

அவர் படகின் மூக்கில் எருமைக் கயிற்றைக் கட்டி, ஒரு கையால் இழுத்துக்கொண்டு நடந்தார். மறுகையால் சுருட்டின் சாம்பலைத் தட்டினார். பின்னால் இரண்டு எருமைகள் என்ன விசேஷம் என்று பார்த்துக்கொண்டே வந்தன. கழன்ற பாய் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது. மாமா ஒரு கோடியில் பூட்டிக் கிடந்தபடி, சாய்ந்த நிலையிலேயே இருந்தார். கரை நெருங்க நெருங்கச் சிரிப்புச் சத்தம் பெரிதாகிக்கொண்டு வந்தது. அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார், மெதுவாக: "நீரு எறங்கி நடந்து வாருமே மாப்ள. உமக்குத்தான் காலு இருக்கே."

நான் இறங்கவில்லை. இடுப்பளவுதான் என்று கண்ணால் பார்த்த பிறகும் இறங்கவில்லை. கால் உள்ளவனும் இல்லாதவனும் ஒரே படகில் எருமைக்காரர் பின்னால் இழுபட்டு வந்து சேர்ந்தோம்.

கரையில் கூத்து முடியவில்லை. மாமாவைத் தூக்கப் போனார்கள், பூட்டு விடவில்லை. சாவி என் இடுப்பில். அதன்மேல் நனைந்து இறுகிய கொச்சைக்கயிறு. கத்தி கொண்டுவந்து குடுக்கைகளை அறுத்தார்கள். அரைஞாண் முடிச்சு அவிழவில்லை. அதை அறுப்பது அபசகுனம் என்று என் மனைவி தடுத்துவிட்டாள். ஆக, நான்கு பேர் என்னைத் தூக்கி, என் அடிவயிற்றைப் பலகைக்கு அடியில் கொண்டுபோய், என்னையே சாவிபோலத் திருப்பிப் பூட்டைத் திறந்தார்கள். திண்டுக்கல்லில் அன்றைக்குச் சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் மாமா. இன்னொருவர் என் அண்ணன். அவர் பூட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தியாடா? தண்ணிக்குள்ள போயும் பிடி விடல" என்றார். கண் கலங்கியிருந்தது அவருக்கு, பெருமையில்.

குளம் ஆழமில்லை என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். தண்ணீரில் கால் வைக்காத எனக்கும், கால் வைக்க முடியாத அவருக்கும்தான் தெரியாது. அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியைப் பிடித்துக்கொண்டேன். "உனக்குமா தெரியும்?"

"தெரியாமலா விட்டேன்? ஆழமா இருந்தா விட்டுருப்பேனா?" என்றாள்.

"இடுப்பளவுக்குத்தானா இந்தச் சாவி, இந்தப் பூட்டு, இந்தப் பாடு?"

அவள் ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டே, வாசலில் கிடந்தவருக்குக் கேட்கும் என்ற நினைப்பே இல்லாமல் சொன்னாள்: "எந்திரிச்சு நிக்க முடியாதவருக்கு ஒரு முழத் தண்ணி போதாதா? இடுப்பளவு அவருக்குக் கடலுதான்."

எனக்கு அது பெரிய உண்மையாகப் பட்டது. ஒருவேளை அவருக்கு ஆறுதலாகக்கூட இருக்கும் என்று நினைத்தேன். வாசலிலிருந்து பதில் வந்தது. "உன் புருசனுக்குக் கரையே கடலு. அவரயும் கட்டிப் போட்டு வையி." என்னைக் கேலி செய்து அவர் சொன்ன கடைசி வாக்கியம் அதுதான். மறுநாளிலிருந்து என்னை மாப்பிள்ளை என்று முறையாக அழைத்தார். நான் உட்கார்ந்தால் பேச்சை நிறுத்தினார். இரண்டாம் முறை குழம்பு ஊற்றினால் பார்க்காத மாதிரி இருந்தார். அத்தனை வருட வசவைவிட அந்த மரியாதை எனக்குக் கொடுமையாக இருந்தது. தெருவில் எவனாவது கப்பலைப் பற்றிக் கேட்டால், "அது எருமை மேய்க்கப் போயிருக்கு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். தண்ணிக்கு மேல எவனுக்கும் காலு கெடையாது என்ற அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை. சாமான் மாதிரி நகர்த்தினால் சாமான் மாதிரி நகர்ந்தார். என் மனைவிக்கு அதில் நிம்மதி. "இப்பத்தான் அப்பா சொன்ன பேச்சு கேக்காரு" என்பாள்.

பங்குனியில் குளம் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. வத்தை எருமைக்காரர் வீட்டுக்குப் போய்த் தண்ணித்தொட்டி ஆயிற்று. பிறகு இற்றுப்போய் அடுப்புக்குப் போயிற்று. அண்ணனின் பூட்டைப் பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டு போனார், பூட்டிய நிலையிலேயே. மாமா அதற்கப்புறமும் சில வருடங்கள் இருந்தார். குளம் அவர் இருந்தவரை நிறையவில்லை. நிறைந்திருந்தாலும் அவர் மூக்கை உயர்த்தியிருக்க மாட்டார். சாவி மட்டும் என் இடுப்பிலேயே நின்றுவிட்டது. அரைஞாண் கயிறு மாற்றும்போதெல்லாம் தூக்கி எறியலாம் என்று நினைப்பேன், அப்புறம் கட்டிக்கொள்வேன். எதற்கென்று கேட்டால் ஏதாவது ஒரு கோமாளிப் பதில் சொல்வேன். டாக்டருக்குச் சொன்னதும் அந்த வகைதான்.

இப்போது அந்தக் குளத்தில் பாதி வீட்டுமனை, மீதி லாரி ஷெட். போன வாரம் ஷெட்டுக்காரர் பூட்டு மாட்டக் கூப்பிட்டிருந்தார். சுற்றிப் போகாமல் கரையிலிருந்து குறுக்கே இறங்கி நடந்தேன். உச்சிவெயில், புழுதி, காய்ந்த வண்டல். ஒரு கருவேல மரம் மட்டும் மிச்சம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே போனேன். பாதி தூரத்தில் யாரோ கூப்பிட்டார்கள். லாரியின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு டிரைவர்.

"என்ன அண்ணாச்சி, வேட்டிய இடுப்பு வரைக்கும் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நடக்குறீக? மழை பேஞ்சே எம்புட்டு நாளாச்சு!"

குனிந்து பார்த்தேன். உண்மைதான். இரண்டு கையாலும் வேட்டியைச் சுருட்டித் தூக்கிப் பிடித்திருந்தேன். அரைஞாணில் சாவி வெயிலில் தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. ஒரு பகடி சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன், வரவில்லை. சரி, நடப்போம் என்று பார்த்தால், வெறும் தரையில், காலும் வரவில்லை. கடைசியில் அந்த டிரைவர் எச்சில் கையைத் தன் வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து என் தோளைப் பிடித்து, கரை வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் விட்டார்.